இணையத்தில் நம் பெயர்

"லிங்க்ட்இன் எல்லாம் பி.இ. படிச்சவங்களுக்கு, டிப்ளமோக்காரனுக்கு அங்கே என்னடா வேலை?" என்று நம் விடுதியில் கேட்காதவர் இல்லை. நானும் கேட்டவன்தான். 2003-ல் தொடங்கிய அந்தத் தளத்தில் நான் சேர்ந்தது இரண்டாம் ஆண்டு விடுமுறையில். சேர்ந்ததும் செய்த முதல் காரியம், என் பெயருக்குக் கீழே 'சி.என்.சி. புரோகிராமிங் நிபுணர்' என்று போட்டுக்கொண்டது! மிஷினைத் தொட்டதே மொத்தம் நாலு பிராக்டிகல் வகுப்பில்தான்.

அதன் பலன் ஐந்தாம் செமஸ்டரில் கிடைத்தது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த அதிகாரி என் பக்கத்தைச் செல்போனில் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார்: "ஜி02-வுக்கும் ஜி03-க்கும் என்ன வித்தியாசம் தம்பி?" டூல் கடிகாரச் சுற்றில் வளைந்து போனால் ஜி02, எதிர்ச்சுற்றில் போனால் ஜி03. ஆரம்பப் பாடம். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "நிபுணர்னு போட்டிருக்கீங்களே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அன்று இரவே நிபுணரை அழித்தேன். 'மெக்கானிக்கல் டிப்ளமோ மாணவன், லேத் வேலையில் ஆர்வம்' என்று மட்டும் எழுதினேன்.

அடுத்து புராஜெக்டுக்காக 5 மி.மீ. எக்சென்ட்ரிக் உள்ள ஷாஃப்ட் ஒன்று கடைய வேண்டியிருந்தது. ஃபோர் ஜா சக்கில் கட்டி, டயல் கேஜ் முள் 5 மி.மீ. நகர்ந்ததும் சரி என்று கடைந்துவிட்டேன். மையம் 5 மி.மீ. விலகினால் ஒரு முழுச் சுற்றில் முள் 10 மி.மீ. காட்ட வேண்டுமே! நான் வைத்தது இரண்டரைதான். ஜாப் ஸ்கிராப். அந்த ஸ்கிராப்பைப் படம் எடுத்து, எங்கே தவறினேன், மறுபடி எப்படிக் கட்டினேன் என்று எழுதிப் போட்டேன். (நம் ஒர்க்‌ஷாப் என்பதால், சாரிடம் கேட்டுக்கொண்டு போட்டேன். பயிற்சிக்குப் போகும் கம்பெனியில் அனுமதி இல்லாமல் படம் எடுக்கவே கூடாது.)

பத்து நாள் கழித்து, கோயம்புத்தூரில் டூல் ரூமில் வேலை செய்யும் ஒருவரிடமிருந்து ஒரு வரி வந்தது: "தம்பி, நீளவாக்கில் டயல் ஓட்டிப் பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. மறுநாளே பார்த்து, ரீடிங்கை அனுப்பினேன். அப்படியே பேச்சு வளர்ந்தது. இரண்டு மாதம் கழித்து, "இங்கே அப்ரன்டிஸ் எடுக்கிறாங்க, உங்க பேரைச் சொல்லியிருக்கேன்" என்றார்.

இது என் ஒருவன் அதிர்ஷ்டம் இல்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் ஆறில் ஒருவருக்குத்தான் அடிக்கடி பார்ப்பவர் உதவியிருக்கிறார். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கும் ஆள். காரணம் எளிது. ரூம்மேட்டுக்குத் தெரிந்த சேதி நமக்கும் தெரிந்ததுதானே! லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரை வைத்து நடத்தி 2022-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. ஆனால் ஓரளவாவது பழக்கம் இருந்தால்தான் அதிகப் பலன். ஐந்நூறு பேருக்கு "ஹாய் சார், ஜாப் ப்ளீஸ்" அனுப்புகிற நண்பர்கள் கவனிக்கவும். வேலைக்குப் பணம் கட்டச் சொல்கிறவனுக்குப் பதிலே போடாதீர்கள்.

இன்டர்வியூவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அந்த ஸ்கிராப் ஷாஃப்ட் பற்றித்தான். முக்கால் மணி நேரம் பேசினோம். ஜூலையில் சேருகிறேன். சிபாரிசு செய்த அந்த அண்ணனை இன்னும் நேரில் பார்த்ததில்லை.