சிப்காட் கேட்டுக்குள் நுழையும் முன்

2020 மே 7 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் இன்னொரு யூனிட். செப்டம்பர் 4, காட்டுமன்னார்கோவில் அருகே குருங்குடி பட்டாசு ஆலையில் 9 உயிர்கள். 2021 மே 13, கடலூர் சிப்காட் பூச்சிமருந்து ஆலையில் 4 உயிர்கள். ஒவ்வொரு முறையும் உயிர் போன பிறகுதான் அதிகாரிகள் வரிசையாக வந்தார்கள். அவர்களை முன்பே வரவழைக்க உங்கள் கையில் இருப்பது எழுத்துப் புகார் ஒன்றுதான்.

2025 நவம்பர் 21 முதல் தொழில் பாதுகாப்புக்குப் புதிய சட்டத்தொகுப்பு அமலில் இருக்கிறது. எந்த ஆலையில் ஆய்வு என்பதை இனி கம்ப்யூட்டரே தேர்ந்தெடுக்கலாம். உங்கள் ஆலையின் முறை வரட்டும் என்று காத்திருக்க முடியாது.

செய்ய வேண்டியவை

- நியமனக் கடிதம் கேட்டு வாங்குங்கள். புதிய சட்டப்படி அது கட்டாயம். கான்ட்ராக்ட் ஆளுக்கு அது முக்கியமான சாட்சி.
- வால்வு கசிந்தால் தேதி, ஷிப்ட், இடம் குறித்து எழுதிக் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல்லை மறுநாளே மறுத்துவிடுவார்கள்.
- உயிருக்கு ஆபத்து என்று பட்டால், நிர்வாகத்திடம் சொல்லும்போதே தொழிலகப் பாதுகாப்பு ஆய்வாளருக்கும் தெரிவியுங்கள். அந்த உரிமை சட்டத்திலேயே இருக்கிறது.
- வாயு கசிந்தால் காற்றுக்குக் குறுக்கே ஓடுங்கள். காற்றோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும்.
- காயம்பட்டவரைக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குக் கொண்டுபோனாலும் சிதம்பரம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனாலும், ‘வேலையில் பட்ட காயம்’ என்றே பதியச் சொல்லுங்கள். ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று மேஸ்திரி எழுதவைத்தால் இழப்பீடு அங்கேயே போச்சு.

செய்யக்கூடாதவை

- பெர்மிட் இல்லாமல் டேங்க்கில் இறங்காதீர்கள். உள்ளே தேங்கிய வாயு கண்ணுக்குத் தெரியாது.
- உள்ளே மயங்கியவரைத் தூக்க நீங்களும் குதிக்காதீர்கள். மனசு கேட்காதுதான்; ஆனால் அவரைச் சாய்த்த வாயு உங்களையும் சாய்க்கும். மூச்சுக்கருவி உள்ளவர்களைக் கூப்பிடுங்கள்.
- துணி முகக்கவசத்தை நம்பாதீர்கள். தூசியைக்கூட அது முழுதாகத் தடுக்காது. கரைப்பான் ஆவியைத் தடுக்கவே தடுக்காது.
- புகாரைத் தனியாளாகக் கொடுக்காதீர்கள். நாலைந்து பேர் கையெழுத்து இருந்தால் ஒருவரைக் குறிவைத்து வேலையை விட்டு நிறுத்துவது கடினம்.
- விபத்துக்குப் பிறகு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டாரையும் போடவிடாதீர்கள். அதில் பிறகு எதை வேண்டுமானாலும் எழுதி, குடும்பத்துக்கு வரவேண்டியதையும் தட்டிக்கழிக்கப் பார்க்கலாம். சட்டமீறலால் மரணம் நேர்ந்தால் அபராதம் குறைந்தது 5 லட்சம் ரூபாய். அதில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குத் தர நீதிமன்றம் உத்தரவிடலாம்.