கணினித் திரையில் ‘பொங்கல்’ எழுதுவோம்

மட்டாஞ்சேரியில் வளரும் என் பேத்திக்கு ஏழு வயது. பள்ளியில் மலையாளம், வீட்டில் என்னிடம் தமிழ். பொங்கல் வாழ்த்து எழுதச் சொன்னேன். ‘பொஙகல’ என்று எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள். “புள்ளி எங்கேம்மா?” என்றால், “எதுக்கு தாத்தா?” என்கிறாள்.

அவள் கேட்டதும் நியாயம்தான். மலையாளத்தில் ‘ங்க’ ஒரே கூட்டெழுத்து. கடைசி ‘ல்’ சில்லு எழுத்து, தனி வடிவம். சந்திரக்கலை இருந்தாலும் இந்தச் சொல்லில் அதற்கு வேலையில்லை. நம் எழுத்தில் புள்ளி போனால் மெய்யே போயிற்று.

பத்துத் தடவை சொல்வதைவிட, சொல் தானாக எழுதப்படுவதைத் திரையில் காட்டலாம் என்று தோன்றியது. அதற்கு ஏற்றது ‘ஜிஃப்’ படம். 1987ல் கம்ப்யூசர்வ் நிறுவனம் கொண்டுவந்த முறை இது. ஒவ்வொரு படமும் எத்தனை நேரம் நிற்கவேண்டும் என்று குறிக்கும் வசதி 1989ல் சேர்ந்தது. 256 நிறம்தான், எழுத்துக்கு இரண்டே போதும். மென்பொருள் ‘கிம்ப்’. பெர்க்லி மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் 1995ல் தொடங்கியது. காசு கொடுக்க வேண்டாம்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். விசைப்பலகையில் தட்டும் வரிசையிலேயே ஒவ்வொன்றாகக் காட்டினேன். யூனிகோடில் ‘ப’ முதலில், ‘ொ’ பிறகு. ஆகவே திரையில் ‘ப’ வந்து நின்றது. அடுத்த படத்தில் கொம்புக்கு இடம்விட்டு வலப்பக்கம் குதித்தது. குழந்தை சிரித்தாள். நம் கை அப்படியா எழுதுகிறது? கொம்பு, ப, கால் என்றல்லவா? பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியிலும் கொம்பைத்தான் முதலில் அடித்தோம். கை போகும் வரிசையே படத்தின் வரிசையாக இருக்கவேண்டும்.

இனி செய்முறை. 600க்கு 200 பிக்சலில் வெள்ளைப் படம் திறந்து, ‘பொங்கல்’ என்று முழுச் சொல்லையும் பெரிதாக ஒரே தடவை தட்டுங்கள். எழுத்தை எழுத்தாகத் தனித்தனியே தட்டினால் இடைவெளி ஒத்துவராது. அந்த அடுக்கை, அதாவது லேயரை, ஏழு முறை நகல் எடுங்கள். வெள்ளைக்கு மேல் எட்டு அடுக்கு. கீழிருந்து மேலாக ஓடும் என்பதை நினைவில் வையுங்கள். வெள்ளையை அடுத்ததில் கொம்பு மட்டும் விட்டு மற்றதை ரப்பரால் அழியுங்கள். அதற்கு மேலுள்ளதில் கொம்பும் ப-வும். பிறகு கால், ங, அதன் புள்ளி, க, ல எனக் கூடிக்கொண்டே போகும். கடைசிப் புள்ளிக்கு ஒன்றும் அழிக்க வேண்டாம், எட்டாவது அடுக்கு முழுச் சொல்.

‘பில்டர்ஸ்’ பட்டியலில் ‘அனிமேஷன்’, அதில் ‘பிளேபேக்’. சரியாக ஓடினால் ‘எக்ஸ்போர்ட் ஆஸ்’ மூலம் ஜிஃப் ஆகச் சேமித்து, ‘ஆஸ் அனிமேஷன்’ என்பதை டிக் செய்யுங்கள். அடுக்குகள் சேரும் விதம் ‘கம்பைன்’ என்று இருக்கட்டும். ‘ரீப்ளேஸ்’ கொடுத்தால் வெள்ளைப் பின்னணி காணாமல் போகும்.

நேரம்தான் முக்கியம். கிம்ப் தானாகத் தருவது 100 மில்லிசெகண்ட். கண் சிமிட்டுவதற்குள் சொல் முடிந்துவிடும். நான் எழுத்துக்கு 500, புள்ளிக்கு 1000 வைத்தேன். அடுக்கின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் எண்ணையும், ஒட்டினாற்போல் எம், எஸ் என்ற இரு ஆங்கிலச் சிற்றெழுத்துகளையும் போட்டால், அந்த அடுக்குக்கு மட்டும் அந்த நேரம். புள்ளியை மின்னவிட ஆசை வரும். ஒரு நொடியில் மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். வேகமாக மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பை வரவழைக்கும்.

பேத்தி நாலு தடவை பார்த்தாள். ஐந்தாவது தடவை, புள்ளி வருமுன்பே திரையில் விரல் வைத்துவிட்டாள். ‘தீபாவளி’க்கும் செய்து கொடுத்தேன். முழுவதும் ஓடி முடியும்வரை காத்திருந்தவள், “ஏமாத்திட்டீங்க தாத்தா, இதுல புள்ளியே இல்லையே!” என்றாள்.