விசா, வசிப்புரிமை, குடியுரிமை: ஏலமலை தரும் பாடம்

இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய ஏலமலைப் பகுதியில் அமைந்துள்ளது சக்குபள்ளம் ஊராட்சி. இப்பகுதித் தோட்டங்களில் களையெடுக்கவும் காயெடுக்கவும் தேனி மாவட்டத்துத் தொழிலாளர்கள் ஜீப்புகளில் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம் மெட்டு வழியாகவும் மலையேறி வருகின்றனர். மாநில எல்லையைக் கடக்கும் இவர்களிடம் எவரும் விசா கேட்பதில்லை. வேலை முடிந்தபின் அங்கேயே தங்கிவிட்டாலும் தடையில்லை. நாட்டின் எப்பகுதியிலும் சென்றுவரவும் வசிக்கவும் அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது விதி குடிமக்களுக்கு உரிமை வழங்குகிறது.

இதே மலைத்தொடரில், வண்டிப்பெரியாற்றுக்குத் தெற்கே, காட்டின் நடுவே கவி என்னும் இடம் உள்ளது. கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டத்தில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் அங்கு வாழ்கின்றன. செடியும் வேலையும் ஒன்றே. ஆயினும் இக்குடும்பங்கள் மலைக்கு வந்த வழி கம்பத்திலிருந்து வந்ததன்று. இலங்கையின் தோட்டங்களிலிருந்து, இரண்டு அரசுகளின் ஒப்பந்தத்தின் பேரில் வந்தது. அயல்நாட்டிலிருந்து வருபவர் ஒரு நாட்டின் நிரந்தரக் குடியாக மாறுவது எவ்வாறு என்பதைக் கற்க விரும்பும் மாணவருக்கு இதைவிட அருகிலுள்ள சான்று கிடைப்பது அரிது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். விசா என்பது நுழைவதற்கும், குறித்த நோக்கத்துக்காகக் குறித்த காலம் தங்குவதற்கும் தரப்படும் அனுமதி. நிரந்தர வசிப்புரிமை என்பது காலவரம்பின்றி வசிக்கவும் உழைக்கவும் உரிய தகுதி. வாக்குரிமை பொதுவாக அதில் அடங்காது. குடியுரிமை இவ்விரண்டுக்கும் மேற்பட்டது. அமெரிக்கா போன்ற நாடுகளில் இவை மூன்றும் படிகளாக அமைந்துள்ளன. அங்கு நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குப் பின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

இந்தியாவில் நடுப்படி ஏறத்தாழ இல்லை என்றே கூறவேண்டும். பெருமுதலீடு செய்யும் அயல்நாட்டவருக்கென 2016இல் ஒரு வசிப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அது மிகச் சிலருக்கே பொருந்துவது. 2005இல் நடைமுறைக்கு வந்த கடல்கடந்த இந்தியக் குடிமக்கள் அட்டை, பெயரில் குடியுரிமை போலத் தோன்றினாலும், நடைமுறையில் ஆயுட்கால விசாவே ஆகும். அதை வைத்திருப்பவர் வாக்களிக்க இயலாது. விளைநிலமோ தோட்டமோ விலைக்கு வாங்கவும் இயலாது. ஆகவே சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டம் வாங்க அந்த அட்டை உதவாது. மற்றவர்கள் விசாவிலிருந்து நேராகக் குடியுரிமைக்குச் செல்ல வேண்டியவர்களே. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, இந்திய வம்சாவளியினர் ஏழு ஆண்டுகள் இங்கு வசித்தபின் பதிவு மூலமும், ஏனையோர் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் விண்ணப்பித்தும் குடியுரிமை பெறலாம். ஆனால் எந்த ஆவணத்துடன் நுழைந்தார் என்ற கேள்வி, எத்தனை ஆண்டு வசித்தார் என்ற கேள்விக்கு முன்னதாகவே எழுகிறது.

கவித் தோட்டத்துக் குடும்பங்களின் வரலாறு இதை விளக்கும். 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தினால் மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர், அங்கு பிரஜாவுரிமை எனப்படும் குடியுரிமையை இழந்து நாடற்றோராயினர். 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் கொண்டது. இவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மனிதரை இவ்வாறு எண்ணிக்கையாகப் பங்கிட்டபோது தொழிலாளரின் கருத்து எந்த அளவுக்குக் கேட்கப்பட்டது என்பது இன்றளவும் ஆய்வாளர் எழுப்பும் வினா.

எனினும் ஒப்பந்தத்தின் நடைமுறையில் ஒரு நன்மை இருந்தது. இந்தியாவைத் தேர்ந்தவர்கள் இலங்கையில் இருந்தபோதே இந்தியத் தூதரக அலுவலகத்தால் குடிமக்களாகப் பதிவு செய்யப்பட்டு, பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் பெற்றனர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியபோது அவர்கள் அயல்நாட்டவர் அல்லர், தாயகம் திரும்பியோர். மண்டபம் முகாமிலிருந்து நீலகிரியின் அரசு தேயிலைத் தோட்டங்களுக்கும், 1976இல் நிறுவப்பட்ட புனலூர் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தின் ரப்பர் தோட்டங்களுக்கும், கவி போன்ற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். இவ்வாறு நாலரை லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் நிலைமை மாறியது. 1984இல் கப்பல் போக்குவரத்து நின்றது. உயிர் தப்பப் படகில் வந்தோரிடம் விசா ஏது? அவ்வாறு வந்தவர்களில் கணிசமானோர், முன்னர் வந்தவர்களைப் போலவே மலையகத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வாழ்ந்த இரு குடும்பங்களில், 1975இல் வந்தது இந்தியக் குடும்பம் ஆகவும் 1985இல் வந்தது அகதிக் குடும்பம் ஆகவும் ஆயிற்று. 2003ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2004 டிசம்பர் 3இல் நடைமுறைக்கு வந்தபின் வேறுபாடு மேலும் இறுகியது. உரிய ஆவணமின்றி நுழைந்தவர் சட்டவிரோதக் குடியேறி ஆவார். அவருக்குப் பதிவு மூலமோ நீண்டகால வசிப்பின் மூலமோ குடியுரிமை பெறும் வழி மூடப்பட்டது. நாற்பது ஆண்டு முகாம் வாழ்க்கையும் இந்தக் கணக்கில் சேராது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தடையிலிருந்து விலக்களித்த அண்டை நாடுகள் மூன்று. இலங்கை அவற்றில் இல்லை.

நிவாரணங்கள் துண்டு துண்டாகவே வந்துள்ளன. மலையக வம்சாவளியினர் 65 பேரின் விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டுமென 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. 2025 செப்டம்பரில் புதிய குடிவரவு, அயல்நாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9ஆம் நாள் வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இது தங்குவதற்கான அச்சத்தைக் குறைக்கிறது; ஆயினும் குடியுரிமை வழங்கும் ஆணை அன்று.

வட்ட அலுவலகங்களில் விண்ணப்பங்களைப் பார்வையிடும் அலுவலர் பிறந்த நாளையும் கவனிக்க வேண்டும். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், ஏறக்குறைய எல்லா நிலைகளிலும் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருத்தல் வேண்டும். அதற்குப் பிந்தியவருக்கு இருவருமே குடிமக்களாக இருத்தல் வேண்டும். ஒருவர் மட்டும் குடிமகனாயின் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தல் கூடாது. தாயகம் திரும்பியோர் வீட்டில் நைந்துபோன பழைய பாஸ்போர்ட்டு பேரப்பிள்ளைகளுக்கும் தேவைப்படுவது இதனால்தான். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டு வழங்குமாறு 2022இல் மதுரைக் கிளை ஆணையிட்டதும் இதே விதியின் அடிப்படையிலேயே. அதே முகாமில், அதேபோன்ற பெற்றோருக்கு, மறு ஆண்டு ஜூலையில் பிறந்தவருக்கு அவ்விதி பொருந்தாது.