செடியுள்ள மீன்தொட்டிக்குக் கரி: எப்போது போடுவது, எப்போது எடுப்பது

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மீன்தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலும் மூன்று வகைத் தண்ணீர் புழங்கும்: குளோரின் கலந்து குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர், போரில் ஏறும் உப்புத் தண்ணீர், காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீர். ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ என்று கடையில் விற்கும் கரி இவற்றில் முதல் வகைக்குத்தான் உதவும். போர்த் தண்ணீரில் இருக்கும் உப்பையும் சுண்ணாம்பையும் அது தொடாது. கேன் தண்ணீருக்கு அது தேவையே இல்லை.

குளோரின், மருந்தின் நிறம், மரக்கட்டையிலிருந்து இறங்கும் பழுப்பு, வாடை ஆகியவற்றைக் கரி இழுக்கும். ஒரு கிராம் நல்ல கரியின் உள்துளைகளை எல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 25 சென்ட் நிலம். அந்தப் பரப்பில்தான் அழுக்கு ஒட்டுகிறது. செடிக்கு நாம் ஊற்றும் இரும்பு உள்ளிட்ட நுண்ணூட்டத்தில் ஒரு பங்கும் அதிலேயே ஒட்டிவிடலாம். ஆகவே கரியின் நிரந்தர இடம் தண்ணீர் பிடித்துவைக்கும் வாளி. தொட்டிக்குள் அது வேலை இருக்கும்போது மட்டும் வரட்டும்.

1. தண்ணீரை அளந்து பாருங்கள்

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐஎஸ் 10500) லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் சொல்கிறது. உங்கள் போர்த் தண்ணீர் 1,200 காட்டினால், 60 காட்டும் கேன் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ சரிபாதி கலந்துகொள்ளுங்கள். 630 அளவுக்கு இறங்கிவிடும். கப்பி, மோலி மீன்களும் வாலிஸ்னேரியா செடியும் கடினத் தண்ணீரைத் தாங்குபவை. தொடங்குபவர்களுக்கு இவையே போதும்.

2. சரியான கரியை வாங்குங்கள்

நம் ஊரில் சீமைக்கருவேல மூட்டக் கரி மலிவு. அதைத் தொட்டியில் போடக் கூடாது. மண் மூடி, காற்றுக் குறைத்து எரித்த அந்தக் கரியில் உள்துளைகள் குறைவு. ஒட்டியிருக்கும் சாம்பல் தண்ணீரின் காரத்தை ஏற்றிவிடும். தேங்காய்ச் சிரட்டைக் கரியை 800 முதல் 1,000 டிகிரி வெப்பத்தில் நீராவி பாய்ச்சித் துளைகளைத் திறந்தால் கிடைப்பதே நமக்கு வேண்டியது. தூளாக இல்லாமல், கடுகைவிடச் சற்றுப் பெரிய குருணையாகப் பார்த்து வாங்குங்கள்.

3. சோதித்துக் கழுவுங்கள்

ஒரு டம்ளர் கேன் தண்ணீரில் ஒரு கரண்டி கரியை இரவு முழுதும் ஊறவையுங்கள். பக்கத்தில் கரி போடாத ஒரு டம்ளரும் இருக்கட்டும். காலையில் இரண்டிலும் பிஎச் பாருங்கள். கரி போட்டதில் பிஎச் வெகுவாக ஏறியிருந்தால் இன்னும் நன்றாகக் கழுவி மறுபடி சோதியுங்கள். அப்போதும் ஏறினால் அந்தக் கரி வேண்டாம். நல்ல கரியை நைலான் வலைப்பையில் கட்டி, கறுப்புத் தண்ணீர் வடிவது நிற்கும்வரை அலசுங்கள்.

4. குளோரினை வாளியிலேயே முடியுங்கள்

தொட்டியில் ஊற்றியபின் குளோரினைக் கரி பார்த்துக்கொள்ளும் என்று விட்டால், அதற்குள் மீனின் செவுள் வெந்துவிடும். வாளியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, சின்ன மோட்டார் ஃபில்டரில் கரிப்பையை வைத்து இரவு முழுதும் ஓடவிடுங்கள். மோட்டார் இல்லாதவர்கள் ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்திருந்தாலும் சாதாரணக் குளோரின் போய்விடும்.

5. தொட்டிக்குள் போடும் சமயங்கள்

மருந்துச் சிகிச்சை முடிந்த பிறகு. மரக்கட்டையின் பழுப்பு அதிகமானபோது. தண்ணீரில் வாடை வந்தபோது. மருந்து நடக்கும்போது கரி இருந்தால் மருந்தையே தின்றுவிடும், அப்போது கட்டாயம் வெளியே எடுங்கள். கொசு மருந்து அடித்த வாடை தொட்டிப் பக்கம் போயிருந்தால் முதலில் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, பிறகு கரி போடுங்கள்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் ஏறக்குறைய 50 லிட்டர் பிடிக்கும். அதற்கு 50 கிராம் கரி போதும். ஃபில்டரில் முதலில் ஸ்பாஞ்ச், அடுத்து செராமிக் வளையம், கடைசியில் கரிப்பை. ஸ்பாஞ்சுக்கு முன்னால் வைத்தால் கசடு துளைகளை அடைத்துவிடும்.

6. நாள் பார்த்து எடுங்கள்

பழுப்புக்கு மூன்று நாள், மருந்துக்கு ஒரு வாரம். அவ்வளவுதான். கரி உள்ளே இருக்கும் நாட்களில் திரவ உரம் ஊற்ற வேண்டாம். எடுத்த மறுநாள் ஊற்றுங்கள். மாதக்கணக்காகக் கிடந்த கரியில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் குடியேறியிருக்கும். அதை எடுக்கும் வாரத்தில் ஸ்பாஞ்சையும் வளையங்களையும் கழுவாதீர்கள்.

7. கோடையில் கவனம்

சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் வேகமாக வற்றும். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு அப்படியே நிற்கும். வற்றிய அளவைப் போர்த் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் டிடிஎஸ் வாராவாரம் ஏறும். எவ்வளவு கரி போட்டாலும் அது இறங்காது. வற்றியதை ஈடுகட்டக் கேன் தண்ணீரையோ, ஐப்பசி மழையில் மூடிவைத்துச் சேமித்த தண்ணீரையோ ஊற்றுங்கள்.

பழைய கரியை அடுப்பில் வறுத்தால் மறுபடி வேலை செய்யும் என்பார்கள். வீட்டு அடுப்பில் வறுக்கும் கரிக்கு 800 டிகிரி வெப்பம் ஏறாது. மருந்தை உறிஞ்சிய கரியைக் கீரைப் பாத்தியில் கொட்டாமல் குப்பையில் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறைக்குப் புதுக் கரியை எடுத்துக்கொள்ளுங்கள்.