கண்புரை அறுவைக்கு முந்தைய இரவு

அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. "கண்புரைதானே, சிறிய சிகிச்சைதானே" என்று வீட்டார் தேற்றுகின்றனர். ஆயினும் முதியவருக்கு உறக்கம் வருவதில்லை. தம் கண் என்று வரும்போது எவருக்கும் அது சிறிய சிகிச்சையாகத் தோன்றுவதில்லை. அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த அச்சத்தினுள் பெரும்பாலும் கேட்காமல் விட்ட கேள்விகளே இருக்கின்றன.

கண்ணை வெளியே எடுத்து வைத்துத்தான் அறுவை செய்வார்கள் என்ற பேச்சு இன்றும் நம் ஊர்களில் உண்டு. அது உண்மையன்று. கண் தன் இடத்திலேயே இருக்கும். அதனுள் மங்கிப்போன இயற்கை வில்லையை மட்டும் நீக்கி, செயற்கை வில்லையைப் பொருத்துவர். கண்ணுக்குள் வேற்றுப் பொருள் நிலைக்குமா என்று ஐயுறுவோருக்கு ஒரு செய்தி: 1949ஆம் ஆண்டு இலண்டனில் ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர் முதன்முதலாக அத்தகைய வில்லையைப் பொருத்தினார். போரில் காயமுற்ற விமானிகளின் கண்களில் தங்கிய ஒருவகை நெகிழித் துணுக்குகள் கண்ணை உறுத்தாமல் இருந்ததைக் கண்டே அவருக்கு அந்த எண்ணம் வந்தது.

வலிக்குமா? சொட்டு மருந்தோ, கண்ணருகே ஓர் ஊசியோ போட்டு மரத்துப்போகச் செய்வர். ஊசி போடும்போது சற்று வலிக்கலாம். பிறகு தொடுவதும் அழுத்துவதும் உணரப்படலாமே தவிர, கூரிய வலி இராது. பெரும்பாலானோர் விழித்தபடியே இருப்பர். வெளிச்சம் தெரியும், பேச்சுக்குரல் கேட்கும். முகத்தை மூடிய துணி சிலருக்கு மூச்சுமுட்டுவது போலிருக்கும். மல்லாந்து படுத்தால் இருமல் வருபவரும் உண்டு. இவ்விரண்டையும் முன்னரே சொல்லிவிடுங்கள். நடுவில் இருமல் வந்தால் எப்படித் தெரிவிப்பது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தலையை அசைப்பதுதான் கூடாது.

இனி, கேட்கத் தயங்கும் கேள்விகளைவிட, சொல்லத் தயங்கும் செய்திகளே எனக்குக் கவலை தருகின்றன. புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் பிரியாமல் துன்புறும் ஆண்களுக்கு டாம்சுலோசின் என்னும் மருந்து தரப்படுகிறது. கண்மணியைச் சுற்றியுள்ள திரையை அது தளரச் செய்வதால் அறுவை கடினமாகலாம். முன்பே அறிந்த மருத்துவர் அதற்கேற்ப ஆயத்தமாவார். ஆனால் மகளோ மருமகளோ அருகில் நிற்க, 'கண்ணுக்கும் இதற்கும் என்ன தொடர்பு' என்று பெரியவர் வாயைத் திறப்பதில்லை. நீங்களாக நிறுத்திவிடுவதும் தீர்வாகாது. நிறுத்திய பின்னும் அதன் விளைவு தொடரக்கூடும். இரத்தம் உறையாதிருக்கத் தரும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவதோ இதயத்துக்கே ஆபத்து. சர்க்கரை நோயாளிகள் அன்று காலை உணவு உண்டா, மாத்திரையும் இன்சுலினும் எப்போது என்பதைத் தெளிவாகக் கேட்டறிய வேண்டும்.

மருந்துகளின் பெயர் நினைவில் இல்லையா? அட்டைகளையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு அப்படியே கொண்டுவாருங்கள். கேள்விகளைப் பள்ளி செல்லும் பேரப்பிள்ளையிடம் சொல்லி ஒரு தாளில் எழுதச் செய்யலாம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் கண்நோயாளிகளின் விவரங்களைப் படங்களுடன் எழுதிவைக்கச் செய்தார். மன்னர் காலத்து வழக்கம் நமக்கும் பொருந்தும்.

உடன் வருவோர்க்கு ஒரு வேண்டுகோள். மருத்துவர் முதியவரிடம் கேட்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு விடை சொல்லாதீர்கள். அவருக்குத் தனியே பேச வேண்டியது இருக்கலாம்; சற்று வெளியே நில்லுங்கள். "ஒன்றும் ஆகாது" என்று சொல்வதைக் காட்டிலும், "எதை நினைத்து அஞ்சுகிறீர்கள்?" என்று கேட்பது அவருக்கு உதவும்.

எல்லாக் கேள்விக்கும் முன்கூட்டியே விடை கிடைத்துவிடாது. பார்வை எந்த அளவு திரும்பும் என்பது விழித்திரையின் நலத்தையும் பொறுத்தது. மருத்துவர் உறுதி கூறாவிட்டால் அது நேர்மையே. ஒன்றுக்கு மட்டும் விடை பெறாமல் வீடு திரும்பாதீர்கள்: இரவில் கண் வலித்தால் எந்த எண்ணில் அழைப்பது? வலி கூடினாலும், கண் மேலும் சிவந்தாலும், பார்வை குறைந்தாலும், மறுபரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே வந்துவிடுங்கள்.