முதல் குயில்ட்டை எதில் தொடங்கலாம்?

கேள்வி: தையல் ஓரளவு தெரியும். அம்மாவின் பழைய நூல் புடவைகள் நிறைய இருக்கின்றன. முதல் குயில்ட்டாக இரட்டைக் கட்டிலுக்கு ஒன்று தைக்கலாமா?
– வாசகி, பாபநாசம்

பதில்: வேண்டாம்மா. பாதியிலேயே பரணுக்குப் போய்விடும். ஒரு மீட்டர் சதுரத்தில் குழந்தை விரிப்பு ஒன்று தையுங்கள். குளிர்நாட்டுப் புத்தகங்கள் நடுவில் பஞ்சு அடுக்கு வைக்கச் சொல்லும்; நம் டெல்டா வெக்கையில் அது எதற்கு? வங்காளத்துக் காந்தாவைப் போலப் பழம்புடவையையே மூன்று நான்கு அடுக்காகப் போட்டு, சுருக்கமில்லாமல் நீவி, முதலில் பெரிய பெரிய தையலாக இழையோட்டி நிறுத்துங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, நேர் வரிசையாகச் சின்னத் தையல். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும். நைந்த பகுதியை வெட்டி ஒதுக்குங்கள். பட்டும் நைலக்ஸும் இப்போதைக்கு வேண்டாம், வழுக்கும். புதுத்துணி சேர்ப்பதானால் முன்கூட்டியே நனைத்துக் காயவையுங்கள். சாயம் போகுமா, சுருங்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பூ வேலையில் ஆசையா? தஞ்சாவூர்ப் பக்கத்துத் தேர்களில் தொங்கும் தொம்பைகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு நிறத் துணிமேல் இன்னொரு நிறத்தை வெட்டி வைத்துத் தைத்த வேலை. குயில்ட் இல்லைதான், ஆனால் நிறம் சேர்ப்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அதை இரண்டாவது விரிப்பில் முயலுங்கள்.