ரிமோட் கார், படகு, விமானம் ஓட்டுவோருக்கு

கவரைப்பேட்டைப் பக்கம் மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டுபவரா? இவற்றைக் கவனியுங்கள்.

1. ரிமோட்டை முதலில் ஆன் செய்யுங்கள், கடைசியில் ஆஃப் செய்யுங்கள். சிக்னல் இல்லாத மாடல் தானாக ஓடிவிடக்கூடும்.

2. லிப்போ பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். தீப்பிடிக்கும் வகை அது. சில நாள் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். முழு 4.2 வோல்ட்டில் கிடந்தால் சீக்கிரம் கெடும். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது.

3. விமானத்தைக் காலையில் பறக்கவிடுங்கள். பிற்பகலில் கடல்காற்று வலுக்கும். சென்னை–கூடூர் ரயில் பாதையை விட்டு நன்றாகத் தள்ளி நில்லுங்கள். மேலே ஓடுவது 25,000 வோல்ட் மின்கம்பி. விமானம் அதில் சிக்கினால் போனது போகட்டும், கழி கொண்டு எடுக்க முயலாதீர்கள்.

4. ட்ரோன் என்றால் அந்த இடம் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலமா என்று பாருங்கள். பச்சையிலும் 120 மீட்டர் உயரம்தான் எல்லை.

5. காரின் பல்சக்கரத் தூசியை உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். எண்ணெய் விட்டால் மண் ஒட்டும்.

6. ஏரியில் பாசி சுற்றிப் படகு நின்றால் நீந்திப் போகாதீர்கள். காற்றே பெரும்பாலும் கரை ஒதுக்கும். பிள்ளைகளிடமும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.